ஒரே மாதிரி காலைகள்

சாம்பாருக்குக் கோகிலவாணி மூன்றாவது தடவையாக உப்புப் போட்ட அன்றுதான், இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்று பூபதிராஜ் முடிவு செய்தார்.

அவளைக் குறை சொல்ல வழியில்லை. முதல் தடவை போட்டது அவள் ஞாபகத்தில் நிற்கவில்லை. நிற்க அங்கே இடமில்லை.

பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால் கோயம்புத்தூரையே புரட்டிப்போட்ட காய்ச்சல் ஒன்று வந்தது. ஆளை விட்டுவிட்டு ஞாபகத்தை மட்டும் தின்றுவிட்டுப் போகிற காய்ச்சல். பிடித்தவர்களுக்குப் பழையதெல்லாம் போய்விடும், காலையில் சாப்பிட்டதும் மத்தியானம் தெரியாது. அதற்கு மருத்துவர்கள் கண்டுபிடித்த வழி, வலது காதுக்குப் பின்னால் ஒரு மின்னணுச் சில்லைப் பதிப்பது. கண் பார்ப்பதையும் காது கேட்பதையும் அது வாங்கி வைத்துக்கொள்ளும். நினைக்கும்போது எடுத்துக் கொடுக்கும். ஒட்டும் பொட்டு அளவுதான் இருந்தது என்பதால் ஜனங்கள் அதற்குப் பொட்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சிங்காநல்லூரில் தெருவுக்கு நாலு பேர் பொட்டுக்காரர்கள். கோகிலா அதில் ஒருத்தி.

பொட்டுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அது நிரம்ப ஆரம்பித்தால் குழாய் சொட்டுகிற மாதிரி காதுக்குள் ஒரு சத்தம் கேட்கும். கோகிலாவுக்கு அது கேட்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சமையலறைக் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்து உட்காருவாள். மறுபடி போய் மூடுவாள்.

தீர்வு ஒன்றும் புதிதல்ல. பழையதை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்துவிட்டு, பொட்டில் அழித்துவிட வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் வரைக்கும் பொட்டு தானாகவே அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தேடிப்போய் எடுத்துக் காட்டும். ஒண்டிப்புதூரில் கைபேசிக் கடை வைத்து முப்பது வருடமாகப் பூபதி செய்துவந்த வேலையே இதுதானே. "போன் நின்னு நின்னு ஓடுதுங்களா? படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு இங்க அழிச்சுப்போடுங்க. ஒரே மாதிரி பத்து எதுக்குங்க, நல்லா இருக்கறது ஒண்ணு போதும்." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

சிக்கல் என்னவென்றால், பொட்டில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவள் மிதுனா.

மிதுனா அவர்களுடைய மகள். இரண்டு வருடத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போகும்போது அவிநாசி சாலையில் லாரி மோதி இறந்துபோனாள். அவளை மட்டும் பெட்டிக்கு அனுப்ப மாட்டேன் என்று கோகிலா பிடிவாதமாக இருந்தாள். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அவள் கூடவே வரவேண்டும்.

ஆனால் மூத்தவன் பிரணவின் மனைவிக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பல்லடத்தில் தாய்வீட்டில் இருந்தாள். பேரக்குழந்தை பிறந்து, அதைப் பார்த்துவிட்டு வந்து, பார்த்ததே தெரியாமல் போனால்? பூபதி அதைத்தான் சொன்னார். சொல்லவேண்டிய விதத்தில் நயமாகச் சொன்னார்.

"கடைசில என்ற தலையும் உங்க கடைக்கு வந்த போனாயிப்போச்சா?" என்றாள் கோகிலா.

"அழிக்கறதில்ல கோகிலா. எடம் மாத்தறோம். அவ்வளவுதான்."

"பத்திரமா இருப்பாளா?"

"நான் ஏத்தின எதாச்சும் காணாமப் போயிருக்குதா? சொல்லு பாக்கலாம்."

அவள் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அவர் கைராசி மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தார்கள். காதுக்குப் பின்னால் காந்த வில்லையை ஒட்டிக்கொண்டு, கோகிலா சின்ன வெங்காயம் உரித்தபடி உட்கார்ந்திருந்தாள். திரையில் வரிசையாகக் கேள்விகள் வந்தன. பூபதியின் விரல் தன் பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனது. ஆம். ஆம். சரி. ஆம். முப்பது வருடத்துப் பழக்கம். விரலுக்குக் கண் தேவைப்படவில்லை. மூன்று மணி நேரம் கழித்து, எல்லாம் பத்திரமாக ஏறியது என்று திரை சொன்னது. பொட்டில் அழித்தார்.

சொட்டுச் சத்தம் நின்றுவிட்டது என்று கோகிலா சிரித்தாள். மறுநாள் சாம்பாரில் உப்புச் சரியாக இருந்தது. அன்றைக்குப் பூபதி கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சிரித்துச் சிரித்துப் பேசினார்.

நான்காம் நாள் காலையில் அவர் செருப்பை மாட்டும்போது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, மிது பள்ளிக்கூடம் போறப்ப நான் வாசல்ல வந்து நிப்பனுங்களா?"

"தெனமும் நிப்பே. வேன் திரும்பற வரைக்கும் நிப்பே."

"ஒருக்காத்தான் நின்னிருக்கேன்," என்றாள் கோகிலா. "அஞ்சாப்புப் படிக்கறப்ப. தலை பின்னி விட்டு, டிபன் டப்பா குடுத்து, அவ போயிட்டு வர்றேன்மாங்கறா, பாத்துப் போயிட்டு வா கண்ணுங்கறேன். ஒரே ஒரு நாளு. மத்த நாளெல்லாம் நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

பூபதி செருப்பைக் கழற்றினார். பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தார். ஏற்றியதன் விவரத்தை அப்போதுதான் முழுதாகப் படித்தார். உடனே, பொட்டு பதிக்கிற மையத்துக்குக் கூப்பிட்டார்.

அன்று மத்தியானமே பொட்டு மையத்திலிருந்து ரெஜினா வந்தாள். முப்பது வயது இருக்கும். கோகிலா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, அவளைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பச் சொன்னாள். எதிர்வீட்டு ஜெபமணி டீச்சரைப் பார்க்கக் கோகிலா போன பிறகு திரையைக் காட்டினாள்.

"ஒரே மாதிரி இருக்கறதுல ஒண்ணை மட்டும் வெச்சுக்கவான்னு கேட்டிருக்கு சார். நீங்க ஆமான்னு குடுத்திருக்கீங்க."

"படத்துக்கு அப்படித்தானுங்களே குடுப்போம்."

"இது படமில்லையே சார்." அவள் குரலில் கோபம் இல்லை. அதுவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "அம்மா அவங்க பொண்ணைப் பத்தி வெச்சிருந்தது பதினோராயிரத்துச் சொச்சம். இப்ப இருக்கறது ஆயிரத்துத் தொள்ளாயிரம். தலை பின்னறது, சோறு ஊட்டறது, வாசல்ல நிக்கறது எல்லாம் தெனமும் நடக்கற காரியம். அதே எடம், அதே வார்த்தை. மெஷினுக்கு எல்லாம் ஒண்ணுதான். அதுல தெளிவா இருக்கறது ஒண்ணை வெச்சுட்டு மத்ததை விட்டுருச்சு."

"மிச்சம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்னதுங்க?"

ரெஜினா திரையில் பட்டியலை இறக்கிக் காட்டினாள். "வித்தியாசமா இருக்கறது. சண்டை, அழுகை, ஆஸ்பத்திரி. ஒரு சண்டை மாதிரி இன்னொரு சண்டை இருக்காதில்லைங்களா? குரல் கொஞ்சம் ஒசந்தாப் போதும், ஒரு வார்த்தை மாறினாப் போதும், வேறன்னு எடுத்து வெச்சுக்கும். சண்டை ஒண்ணுகூட விட்டுப்போகலை சார்."

பொட்டில் அழித்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாதா என்று கேட்டார். அழித்த இடத்தின் மேல் நான்கு நாள் வாழ்க்கை எழுதியாகிவிட்டது என்றாள். அவர் தலையாட்டினார். கடைக்கு வருகிறவர்களிடம் அவரே எத்தனையோ தடவை சொன்ன பதில்தான் அது. சொல்லும்போது அவர்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

கோகிலாவிடம் எதையும் மறைக்கவில்லை. தப்பு தன்னுடையது, தன் விரல் செய்தது என்று சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "என்னைத் தேத்தறதுக்காகப் பழியத் தூக்கி உங்க மேல போட்டுக்காதீங்க," என்றாள்.

"சத்தியமா கோகிலா. நாலு நாளைக்கு முன்னாடி வரைக்கும் உன்றகிட்டயே எல்லாம் இருந்துச்சு."

"இருந்திருந்தா எனக்குத் தெரியாதுங்களா? என்றகிட்ட இருக்கறதத்தான நான் நம்ப முடியும்."

பூபதி ஓய்ந்துவிடவில்லை. ஜெபமணி டீச்சரைக் கூட்டிவந்தார். தினமும் காலையில் அம்மாவும் மகளும் வாசலில் கொஞ்சிக்கொள்வதைப் பார்த்துத் தனக்கே பொறாமையாக இருக்கும் என்று டீச்சர் சொன்னார். பள்ளி வேன் ஓட்டியவரைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார். அவரும் சொன்னார். கோகிலா இருவருக்கும் காபி கொடுத்து அனுப்பினாள். நல்லவர்கள், வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்ததைத் தப்பில்லாமல் ஒப்பிக்கிறார்கள் என்றாள். தன் கைபேசியில் இருந்த படங்களைக் காட்டலாம் என்றால், அங்கேயும் வழியில்லை. வீட்டுப் படங்களை அவர் வருடாவருடம் சுத்தம் செய்துவிடுவார். அம்மாவும் மகளும் வாசலில் நிற்கிற படம் ஒன்றே ஒன்று இருந்தது. நல்லா இருக்கறது ஒண்ணு.

கோகிலா பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகிவிட்டாள். அங்கே அவளுக்குக் கிடைத்த மிதுனா ஒருநாள் தலை பின்னிக்கொண்ட, ஒருநாள் சோறு சாப்பிட்ட, மற்ற நாளெல்லாம் அம்மாவிடம் ஏச்சு வாங்கிய பெண். மதிப்பெண்ணுக்காக ஏச்சு, கைபேசிக்காக ஏச்சு, துப்பட்டாவுக்காக ஏச்சு. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒன்று இருந்தது. அவள் இறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்தது. பெங்களூரில் போய்ப் படிக்கிறேன் என்று மிதுனா ஒற்றைக்காலில் நிற்க, கோகிலா கரண்டியைப் போட்டுவிட்டுச் சொன்ன வார்த்தை: "போய்த் தொலை."

அந்தச் சண்டை இரண்டு நாளுக்கு மேல் நீடிக்கவில்லை. மூன்றாம் நாள் கோகிலா ஒன்றும் பேசாமல் தயிர்ச்சோற்றை உருட்டி மகள் கையில் வைத்தாள். மகளும் ஒன்றும் பேசாமல் வாங்கித் தின்றாள். பூபதி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஆனால் தயிர்ச்சோறு உருட்டி வைப்பது அந்த வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் நடப்பதுதானே. பெட்டி அதை வைத்துக்கொள்ளவில்லை.

"கடைசியா அவளை அப்படிச் சொல்லித்தான் அனுப்பியிருக்கேன்," என்றாள் கோகிலா. "அதுக்கப்பறம் அவகிட்ட நான் பேசினதே எங்கயும் இல்லீங்க. தேடிப் பாத்துட்டேன். ஒரு மாசம் அவ மொகத்தையே பாக்காம இருந்திருக்கேன். அவளும் நான் சொன்ன மாதிரியே போய்ச் சேந்துட்டா."

பொதுவாக வாய்விட்டு அழுகிறவள். இதைச் சொல்லும்போது அழவில்லை. பூபதிக்குத்தான் அவளுக்கு எதிரில் உட்கார முடியவில்லை.

குழந்தை பல்லடத்தில் பிறந்தது. பெண் குழந்தை. எல்லோரும் போனார்கள். மருமகள் குழந்தையை நீட்டினாள். கோகிலா இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"வேண்டாஞ் சாமி. நான் தூக்கினா ஆகாது."

பிரணவ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.  காரில் திரும்பி வரும்போது, சூலூர் தாண்டியதும் கோகிலா ஆரம்பித்தாள்.

"அவளை என்றகிட்ட இருந்து எடுத்துடுங்க."

"என்ன பேசறே நீ?"

"யோசிச்சுத்தான் சொல்றேன். எனக்காக மட்டும் சொல்லலீங்க. அவளும் பாவம். இங்க இருந்தா தெனமும் என்றகிட்டத் திட்டு வாங்கிட்டே இருக்கறா. செத்தும் வாங்கறா. எத்தன நாளைக்குத்தான் வாங்குவா? விட்டுருங்க, போகட்டும்."

பூபதி முடியாது என்றார். ஒரு மாதம் சொன்னார், இரண்டு மாதம் சொன்னார். அதற்குள் கோகிலா பாதியாகிவிட்டாள். மூன்றாம் மாதம் குழந்தையை வீட்டுக்கு அழைத்துவர நாள் குறித்தார்கள். அம்மா இப்படியே இருந்தால் குழந்தையை எப்படிக் கொண்டுவருவது என்று பிரணவ் கைபேசியில் கேட்டான். அவன் கேட்டதிலும் தப்பில்லை.

பூபதி ரெஜினாவைக் கூப்பிட்டார். மையத்தின் விதிப்படி கோகிலா தன் வாயால் மூன்று வெவ்வேறு நாட்களில் சம்மதம் சொல்லவேண்டும். சொன்னாள். மூன்று நாளும் குரல் நடுங்கவில்லை. மிதுனா பெயர் வருகிற எதுவானாலும், இந்த ஐந்து மாதத்துத் துக்கம் உட்பட, எல்லாம் போய்விடும் என்று ரெஜினா விளக்கினாள். பெட்டியில் இருந்தால் பொட்டு தேடி எடுத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு இடத்திலும் அழிக்கவேண்டும். தனியாக வேறு எதிலாவது ஏற்றித் தான் வைத்துக்கொள்ளட்டுமா என்று பூபதி கேட்டார். கோகிலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கயும் இருக்கக் கூடாது. அந்த வார்த்தைய நீங்களும் வெச்சுக்காதீங்க."

அவர் வாக்குக் கொடுத்தார். கொடுத்தபடியே ஒரு புதன்கிழமை மத்தியானம் அழித்தார். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. இந்தத் தடவை கேள்வியை எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு அழுத்தினார்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் பிரணவும் மருமகளும் குழந்தையோடு வந்து இறங்கினார்கள். கோகிலா ஓடிப்போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள். கையை ஒளிக்கவில்லை. இது யார் மூக்கு, இது யார் நெற்றி என்று கொஞ்சியபடி வீடெல்லாம் சுற்றினாள். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழந்தை தூங்கியதும் தொட்டிலில் போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்த கோகிலா, சுவருக்கு முன்னால் நின்றாள்.

மிதுனாவின் துணி, புத்தகம் எல்லாவற்றையும் பிரணவ் சொன்னபடி பூபதி முன்பே அப்புறப்படுத்தியிருந்தார். சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த அவள் படத்தை மட்டும் கழற்றக் கை வரவில்லை. கோகிலா கேட்டால் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார்.

"யாருங்க இந்தப் பொண்ணு?"

"நம்ம பொண்ணு," என்றார் பூபதி. வாய் அப்படித்தான் சொன்னது.

அவள் திடுக்கிடவில்லை. படத்தையே பார்த்தாள். மாலையைப் பார்த்தாள்.

"பேரு?"

"மிதுனா."

"மிதுனா," என்று சொல்லிப் பார்த்தாள். "நான் அவளை நல்லாப் பாத்துக்கிட்டனுங்களா?"

"கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிட்டே."

"நெசமாலுமா?"

"நெசமா."

கோகிலா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, சரி என்பது போலத் தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள். டீச்சரும் வேன்காரரும் அவரும் மாறி மாறிச் சத்தியம் செய்து ஐந்து மாதம் நம்பாததை, இப்போது ஒரே வார்த்தையில் நம்பிவிட்டாள். எதிர்த்துச் சாட்சி சொல்ல அவளிடம் எதுவும் மீதியில்லை.

"கடைசியா என்றகிட்ட என்ன சொல்லிட்டுப் போனா?"

மிதுனா இறந்த அன்று காலை பூபதி வீட்டில் இல்லை. சரக்கு எடுக்க ஐந்து மணிக்கே ஈரோட்டுக்குப் போய்விட்டார். ஒன்பதரைக்குத்தான் கைபேசியில் செய்தி வந்தது. தாயும் மகளும் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. கோகிலாவிடம் கேட்கவும் அவருக்குத் தைரியம் வந்ததில்லை.

"போயிட்டு வர்றேன்மான்னு சொன்னா," என்றார். "பாத்துப் போயிட்டு வா கண்ணுன்னு நீ சொன்னே."

கோகிலாவுக்குக் கண் நிறைந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது. உள்ளே குழந்தை சிணுங்கியது. முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, வந்துட்டேன் வந்துட்டேன் என்று போனாள்.

பூபதி அங்கேயே நின்றார். பொய் சொல்லிவிட்டோம் என்று முதலில் நினைத்தார். பிறகு ரெஜினா சொன்னது மெல்ல மனதில் ஏறியது. குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், ஒரு வார்த்தை மாறினால் போதும், பெட்டி அதை வேறு என்று எடுத்து வைத்துக்கொள்ளும். மிதுனாவின் கடைசிக் காலையில் ஒரு சின்ன முணுமுணுப்பு இருந்திருந்தாலும் அது பெட்டியில் இருந்திருக்கும். கோகிலா அத்தனை தேடியும் கிடைக்கவில்லை. அப்படியானால் அந்தக் காலை மற்ற எல்லாக் காலைகளையும் போலவேதான் இருந்திருக்க வேண்டும். அந்த மாதம் முழுக்கவே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

அவர் சொன்னது பொய்யில்லை. அவள் ஐந்து மாதமாகக் கேட்ட சாட்சி இந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இங்கே பார், அந்த மாதத்தில் ஒரு சண்டைகூட இல்லை பார் என்று விரலால் காட்டியிருக்கலாம். நேற்று மத்தியானம் வரைக்கும் காட்டியிருக்கலாம்.

பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தார். என்ன தேடுகிறோம் என்று தெரியாமலே பெயரைத் தட்டினார். திரை ஒரு கணம் யோசித்தது. அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்றது. அதற்குக் கீழே, எல்லோருக்கும் சொல்கிற மாதிரியே, இப்போது நிறைய இடம் இருக்கிறது என்றும் சொன்னது.